வீட்டு சிஎன்சி மெஷினுக்கு ஸ்டேட்டஸ் லைட் போடுறது: அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

நான் இருக்குறது கோத்தகிரி. வீட்டுக்குப் பின்னாடி மாட்டுக்கொட்டகையா இருந்த இடத்த ஷெட்டாக்கி, அதுல நானே அசெம்பிள் பண்ண ஒரு சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி பலகைய வெட்டுற மெஷின், வச்சிருக்கேன். 600க்கு 400 மில்லிமீட்டர் டேபிள், கன்ட்ரோலுக்கு ஆர்டுயினோ ஊனோ போர்டு, அதுமேல மோட்டார ஓட்டுற சிஎன்சி ஷீல்டு, நெமா 17 மோட்டார் நாலு, மோட்டாருக்குக் கரண்ட் குடுக்க 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ், வெட்டுற பிட்ட சுத்துற ஸ்பிண்டிலுக்கு 230 வோல்ட் ட்ரிம் ரவுட்டர். ஹோம்ஸ்டேக்காரங்களுக்கு சில்வர் ஓக் பலகைல பேர்ப்பலகை வெட்டிக் குடுக்குறேன். மெஷின் மேல இருக்குற லைட்டப் பாத்துட்டு குன்னூர்ல இருந்தும் ஊட்டில இருந்தும் வர்ற பசங்க கேக்குற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால மொத்தமா எழுதி வச்சுடலாம்னு தோணுச்சு.

லேப்டாப் ஸ்க்ரீன்லயே ரன், ஹோல்டுன்னு எல்லாம் தெரியுதேண்ணா, தனியா லைட் எதுக்கு?

ஸ்க்ரீன் தெரியுறது நாம அதப் பாக்கும்போது மட்டும்தான், மெஷின்கிட்ட நிக்கும்போது கண்ணு பிட்டு மேலயும் பலகை மேலயும்தான் இருக்கும். இன்னொரு காரணம் எங்க ஊரு மழை. ஐப்பசி கார்த்திகைல ஷீட் கூரை மேல மழை அடிச்சா பக்கத்துல நிக்குறவர் பேசுறதே கேக்காது, இதுல காதுக்கு மஃப் வேற போட்டிருப்போம். அப்படி ஒரு நாள் ஜாப் நடுவுல ஹோல்ட் குடுத்தேன், ஆக்சிஸ் எல்லாம் நின்னுருச்சு, க்ளாம்ப் லேசா தளர்ந்த மாதிரி இருந்துச்சுன்னு கைய நீட்டுனேன், சுண்டுவிரல் பக்கத்துல காத்து பட்டுச்சு, அப்பதான் தெரிஞ்சது பிட் முழு வேகத்துல சுத்திக்கிட்டிருக்குன்னு. 6 மில்லிமீட்டர் பிட் அந்த வேகத்துல சுத்தும்போது அசையாம நிக்குற மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும்.

இது மெஷினோட கோளாறு கிடையாது. ஊனோக்குள்ள இருந்து மெஷின ஓட்டுற ப்ரோக்ராம் பேரு ஜிஆர்பிஎல், அதுல ஃபீட் ஹோல்ட் குடுத்தா ஆக்சிஸ் மட்டும்தான் நிக்கும், ஸ்பிண்டில் நிக்காது, அது அப்படித்தான் எழுதியிருக்கு. ஜாப் ஃபைல்ல நிறுத்தச் சொல்ற எம்0 கட்டளை வந்தாலும் அதே கதைதான். கதவு தொறந்திருக்குன்னு சேஃப்டி டோர் சிக்னல் வந்தா மட்டும்தான் ஸ்பிண்டிலையும் சேத்து நிறுத்தும். அதனால என்னைக் கேட்டா அலாரத்த விட ஹோல்ட் லைட்டுதான் ரொம்ப முக்கியம், அலாரத்துல யாரும் உடனே கைய விட மாட்டாங்க, ஹோல்ட்லதான் விடுவாங்க.

எத்தனை லைட் வேணும், என்ன கலர்ல?

என்கிட்ட அஞ்சு இருக்கு. பச்சை ரன், மஞ்சள் சிமிட்டுனா ஹோல்ட், சிவப்பு அலாரம், வெள்ளை ஐடில், தனியா ஸ்பிண்டில் பக்கத்துலயே ஒரு ஆரஞ்சு. ஃபேக்டரி மெஷினுக்கு ஐஇசி 60204-1னு ஒரு தர நிர்ணயம் இருக்கு, அதுல சிவப்புன்னா ஆபத்து, மஞ்சள்னா வழக்கத்துக்கு மாறான நிலை, பச்சை இயல்பு, நீலம்னா ஆபரேட்டர் கட்டாயம் ஏதோ செய்யணும், வெள்ளை பொதுவானது. வீட்டு மெஷினுக்கு அதெல்லாம் கட்டாயமில்ல, ஆனா அத ஒட்டியே வச்சுக்கிட்டா நாளைக்கு ஃபேக்டரில வேலை பாத்த யாராவது உங்க ஷெட்டுக்குள்ள வந்தா அவங்களுக்கும் புரியும்.

கலர மட்டும் நம்பாதீங்க. சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பாக்க முடியாதவங்க நெறைய பேரு இருக்காங்க, பல பேருக்கு அது அவங்களுக்கே தெரியாது. அதனால எடமும் சிமிட்டலும் சேத்து அர்த்தம் சொல்லணும். மேல இருக்குறது சிவப்பு, சிமிட்டுறது ஹோல்ட், இப்படி.

ஒரு விஷயத்துல மட்டும் நான் பிடிவாதம். எல்லா லைட்டும் அணைஞ்சிருக்கறதுக்கு "சேஃப்"னு அர்த்தம் வரவே கூடாது. ஒயர் அறுந்தாலும், எல்இடி போனாலும், கரண்ட் இல்லன்னாலும் லைட் அணைஞ்சுதான் இருக்கும். அதனாலதான் சும்மா நிக்கும்போது எரியறதுக்குன்னே ஒரு வெள்ளை லைட் வச்சிருக்கேன், எதுவுமே எரியலன்னா "மெஷின் என்ன நிலைல இருக்குன்னு தெரியல, கிட்ட போகாத"ன்னு அர்த்தம்.

ஜிஆர்பிஎல்லயே ஸ்டேட்டஸ் லைட்டுக்குன்னு பின் இருக்கா?

ஊனோல ஓடுற 1.1 வெர்ஷன்ல இல்ல. இருக்குற பின் கிட்டத்தட்ட எல்லாம் தீந்துபோச்சு. 2ல இருந்து 4 வரைக்கும் ஸ்டெப், 5ல இருந்து 7 டைரக்ஷன், 8 எனேபிள், 9, 10, 12 லிமிட், 11 ஸ்பிண்டில் பிடபிள்யூஎம், 13 ஸ்பிண்டில் டைரக்ஷன், ஏ0 ரீசெட், ஏ1 ஹோல்ட், ஏ2 ஸ்டார்ட், ஏ3 கூலன்ட், ஏ5 ப்ரோப். இதுல ரெண்டு பின்ன வச்சு நெறைய பேரு சமாளிக்குறாங்க.

ஒண்ணு எனேபிள் பின் டி8. மோட்டார் ஓடும்போது இது லோ ஆகும், 5 வோல்ட்ல இருந்து 1கே ரெசிஸ்டர், எல்இடி, அப்படியே டி8ன்னு குடுத்தா ஓடும்போது எரியும். ஆனா $1 செட்டிங் 25ல இருந்தாத்தான் இது வேலைக்காகும், நின்ன 25 மில்லிசெகண்ட்ல மோட்டார விட்டுடும், லைட்டும் அணையும். Z கீழ எறங்காம இருக்கணும்னு நம்மள்ல பாதிப் பேரு $1=255 போட்டு வச்சிருப்போம், அப்ப மோட்டார் பிடிச்சே இருக்கும், அப்புறம் லைட்டு அணையவே அணையாது.

இன்னொண்ணு கூலன்ட் பின் ஏ3. ஜி-கோட்னு மெஷின் படிக்குற கட்டளை ஃபைலோட ஆரம்பத்துல கூலன்ட போடுற எம்8, முடிவுல அத அணைக்குற எம்9 போட்டா லைட் எரிஞ்சு அணையும். ரொம்ப சுலபம், நானும் ஆறு மாசம் இப்படித்தான் ஓட்டுனேன். ஆனா அந்த லைட்டு சொல்றது "எம்8 படிச்சாச்சு"ங்கறது மட்டும்தான், நடுவுல ஹோல்ட் ஆனாலும் பச்சையாவே எரியும். நாம சொன்னதத் திருப்பிச் சொல்ற லைட்டு எனக்கு வேண்டாம், மெஷின் நெஜமா என்ன பண்ணுதுன்னு சொல்ற லைட்டுதான் வேணும். இந்தப் பக்கத்துல நான் சொல்ற எல்லாத்துக்கும் அடிப்படை அதுதான்.

அப்ப சரியான வழி என்ன?

மெஷின் பேசுறத ஒட்டுக் கேக்குறது. லேப்டாப்ல இருந்து ஜாப் அனுப்புற யூஜிஎஸ், கேண்டில் மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் செகண்டுக்குப் பல தடவை ஒரு "?" அனுப்பும். ஜிஆர்பிஎல் உடனே சின்ன-பெரிய குறிக்குள்ள (< >) தன்னோட நிலை, பொசிஷன், வேகம் எல்லாத்தையும் ஒரே வரியா திருப்பி அனுப்பும். அந்த வரில முதல்ல வர்ற வார்த்தையே ஐடில், ரன், ஹோல்ட், அலாரம், ஹோம், ஜாக், டோர்னு நிலையோட பேருதான். ஊனோ பேசுற டிஎக்ஸ் பின்ல, அதாவது 1ல, ஒரு ஒயர் எடுத்து தனியா நானோன்னு ஒரு சின்ன ஆர்டுயினோ போர்டோட கேக்குற ஆர்எக்ஸ் பின்ல குடுங்க, ரெண்டு போர்டோட கிரவுண்டையும் சேருங்க, நானோவையும் ஊனோ பேசுற அதே 115200 பாட் வேகத்துலயே கேக்க விடுங்க. அவ்வளவுதான் ஒயரிங். ஜிஆர்பிஎல்ல ஒரு எழுத்து கூட மாத்த வேண்டாம், நானோ எதுவுமே பேசாது, கேக்க மட்டும் செய்யும், அதனால அதுல நீங்க தப்பா எழுதினாலும் ஜாப் கெடாது.

நானோல எழுதுற ப்ரோக்ராமும் சின்னதுதான். வரி ஆரம்பிக்குற குறி வந்ததும் எழுத்துகள சேத்துக்கிட்டே போய், அடுத்த நேர்க்கோட்டுக் குறி (|) வர்ற வரைக்கும் இருக்குற வார்த்தைய எடுத்து அதுக்கேத்த லைட்ட போடணும். முதல் எழுத்த மட்டும் பாத்து முடிச்சுடலாம்னு நெனைக்காதீங்க, ஹோல்டுக்கும் ஹோமுக்கும் இங்கிலீஷ்ல முதல் ரெண்டு எழுத்தும் ஒண்ணு, மூணாவது எழுத்துலதான் பிரியும். ஹோல்டுக்குப் பின்னாடி ஒரு முக்காற்புள்ளியும் 0 இல்ல 1னு ஒரு நம்பரும் வரும். 1ன்னா வேகம் கொறைஞ்சுக்கிட்டிருக்கு, இன்னும் முழுசா நிக்கல, 0ன்னா முழுசா நின்னாச்சு.

இப்ப முக்கியமான எடம், இதுல தப்பு பண்ணாதவங்கள நான் பாத்ததில்ல. "?" கேட்டா எப்பவும் பதில் வரும்னு நெனைப்போம். ரெண்டு நேரத்துல வராது. ஹோமிங், அதாவது மெஷின் ஸ்விட்ச்ச தொட்டு தன்னோட ஆரம்ப எடத்தத் தேடுறது, ஓடும்போது வராது. ஆக்சிஸோட ஓரத்துல இருக்குற லிமிட் ஸ்விட்ச்ல இடிச்சு நிக்குற பெரிய அலாரத்துலயும் வராது. இடிச்ச உடனே அலாரம், முக்காற்புள்ளி, 1ன்னு ஒரே ஒரு வரி வரும், ரீசெட் பண்ணச் சொல்லி ஒரு மெசேஜ் வரும், அப்புறம் நாம ரீசெட் குடுக்குற வரைக்கும் மௌனம்தான். ஸ்டேட்டஸ் வரிய மட்டும் படிக்குற ப்ரோக்ராம், கடைசியா கேட்ட "ரன்"ன வச்சுக்கிட்டு பச்சையாவே எரிஞ்சுக்கிட்டிருக்கும், மெஷின் இடிச்சு நிக்கும். அதனால அந்த அலாரம் வரியத் தனியாப் பிடிக்கணும், பிடிச்சா சிவப்ப போட்டு அப்படியே பூட்டிடணும். ரீசெட் ஆனதும் ஜிஆர்பிஎல் தன் பேரையும் வெர்ஷனையும் சொல்லி ஒரு வரவேற்பு வரி அனுப்பும், அது வந்தாத்தான் பூட்ட எடுக்கணும்.

அதோட ஒரு டைமரும் வைங்க. ரெண்டு செகண்டுக்கு எந்த வரியும் வரலன்னா, சிவப்புப் பூட்டும் இல்லன்னா, வெள்ளை லைட்ட வேகமா சிமிட்ட விடுங்க, "தொடர்பு இல்ல"ன்னு அர்த்தம். ஹோமிங் போகும்போது இதுதான் சிமிட்டும், பரவால்ல.

ஒயர் குடுத்துட்டேன், நானோவுக்கு எதுவுமே கேக்கல. ஏன்?

நடுவுல 1கே ரெசிஸ்டர் போட்டிருப்பீங்க. நானும் பாதுகாப்புக்குன்னு அதத்தான் போட்டேன், ரெண்டு ராத்திரி போச்சு. நானோ போர்டுலயே இருக்குற யூஎஸ்பி சிப்பு அதே ஆர்எக்ஸ் பின்ன ஏற்கனவே ஒரு 1கே வழியா 5 வோல்ட்ல பிடிச்சு வச்சிருக்கும். நாம இந்தப் பக்கம் இன்னொரு 1கே வழியா லோவுக்கு இழுத்தா ரெண்டும் சமமா இழுத்துக்கிட்டு 2.5 வோல்ட்ல நிக்கும், அத சிப்பு லோன்னு எடுத்துக்காது. 220 ஓம் போட்டா 0.9 வோல்ட்டுக்கு எறங்கிடும், உடனே கேக்கும். இல்லன்னா யூஎஸ்பி சிப்பே இல்லாத ப்ரோ மினி வாங்கிடுங்க, அதுதான் சுத்தமான வழி. நானோல ப்ரோக்ராம் ஏத்தும்போது இந்த ஒயர கழட்டிடணும், இல்லன்னா ஏறாது.

ரெசிஸ்டர் எவ்வளவு போடணும்? பின்ல நேரா லைட்ட குடுக்கலாமா?

சின்ன 5 மில்லிமீட்டர் எல்இடின்னா நேரா குடுக்கலாம். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கும், 5ல 2 போக 3, அத 10 மில்லிஆம்பியரால வகுத்தா 300, கடைல 330 ஓம்தான் கிடைக்கும், போதும். 24 வோல்ட்ல இருந்து எடுத்தா 2.2கே, ஆனா அதுல 0.22 வாட் சூடா வீணாகும், கால் வாட் ரெசிஸ்டர் தொட்டா சுடும், அரை வாட் போடுங்க.

நான் போட்டிருக்கறது 22 மில்லிமீட்டர் ஓட்டைல உக்கார்ற 24 வோல்ட் பேனல் இண்டிகேட்டர். ரெசிஸ்டர் உள்ளயே இருக்கும். அத நானோ பின்ல நேரா குடுக்கவே கூடாது. நடுவுல யூஎல்என்2003ன்னு ஒரு ஐசி போட்டா ஏழு லைட் வரைக்கும் ஓட்டலாம், ஒவ்வொரு வழிலயும் 500 மில்லிஆம்பியர் தாங்கும், லைட்டுக்கு வேண்டியது 20தான். லைட்டோட ப்ளஸ் 24 வோல்ட்டுக்கு, மைனஸ் ஐசியோட அவுட்புட்டுக்கு, ஐசியோட 8வது பின் கிரவுண்டுக்கு. பின்னாடி ரிலே ஏதாவது சேக்குறதா இருந்தா 9வது பின்ன 24 வோல்ட்ல குடுக்க மறக்காதீங்க.

சாமான் எல்லாம் எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சது. கோயம்புத்தூர் போறவங்ககிட்ட சொல்லிவிட்டா வாங்கிட்டு வந்துடுவாங்க.

நடுவுல கரண்ட் போனா லைட் என்ன காட்டும்?

இந்தக் கேள்விய மலைல இருக்குறவங்க எல்லாரும் முதல்லயே கேக்கணும். பைக்காரால 1932ல இருந்து கரண்ட் எடுக்குறாங்க, குந்தாலயும் எடுக்குறாங்க, இருந்தும் காத்தடிச்சு ஒரு மரம் லைன் மேல விழுந்தா நம்ம வீட்ல இருட்டுதான்.

எனக்கு நடந்தது இது. "மழை இல்லம்"னு ஒரு பலகை, ரெண்டு மணி நேர ஜாப், "ழை" வெட்டிக்கிட்டிருக்கு. கரண்ட் போச்சு, ஒரு நாலு செகண்ட் இருக்கும், வந்துருச்சு. லேப்டாப் பேட்டரில ஓடுது, ஊனோவுக்கு யூஎஸ்பில இருந்து 5 வோல்ட் வருது, அதனால ஜிஆர்பிஎல்லுக்கு எதுவுமே தெரியல, அந்த நாலு செகண்டும் அது ஸ்டெப் எண்ணிக்கிட்டே இருந்துச்சு, ஸ்க்ரீன்லயும் ரன்தான். 24 வோல்ட் இல்லாததால மோட்டார் மட்டும் நகரல. கரண்ட் வந்ததும் மோட்டார் விட்ட எடத்துல இருந்து ஓடுச்சு, ஆனா ஜிஆர்பிஎல் கணக்குல அது வேற எடம். ரவுட்டரும் தானா சுத்த ஆரம்பிச்சு, ழவோட வால்ல இருந்து கோணலா ஒரு கோடு, 4 மில்லிமீட்டர் ஆழத்துல, "இ" வரைக்கும் போயிருச்சு. பலகை போச்சு. அன்னைக்கு என் ஒட்டுக்கேக்குற நானோ வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, பச்சையும் காட்டியிருக்கும். ஜிஆர்பிஎல் நம்புனத அப்படியே சொல்லுச்சு, ஆனா ஜிஆர்பிஎல் நம்புனதே தப்பு.

அதுக்கப்புறம்தான் 24 வோல்ட்டையே நேரா அளக்க ஆரம்பிச்சேன். 24 வோல்ட்ல இருந்து 10கே, கிரவுண்டுக்கு 2.2கே, நடுவுல இருந்து நானோவோட ஏ0. இயல்பா 4.3 வோல்ட் வரும். 24 வோல்ட் 20க்குக் கீழ எறங்குன உடனே நானோ ரெண்டு வேலை செய்யும், சிவப்ப போடும், ஊனோவோட ஏ1 பின்ன கிரவுண்டுக்கு இழுத்து ஹோல்ட் குடுக்கும். மத்த நேரத்துல நானோவோட அந்தப் பின் இன்புட் மோட்லயே இருக்கணும், இல்லன்னா எப்பவும் ஹோல்ட்லயே நிக்கும். ஒயர் சின்னதா இருக்கட்டும், ஏ1ல ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போடுங்க, மோட்டார் இரைச்சல்ல தானா ஹோல்ட் ஆகாம இருக்கும்.

ஒரு தம்பி இதக் கேட்டுட்டு "அண்ணா, 24 வோல்ட் போனா 24 வோல்ட் லைட்டும் போயிருமே, சிவப்பு எப்படி எரியும்?"னு கேட்டான். நல்ல கேள்வி. அதனாலதான் சிவப்பு மட்டும் 5 வோல்ட்ல எரியுற பெரிய 10 மில்லிமீட்டர் எல்இடி, நானோவுக்கும் சப்ளை ஊனோவோட 5 வோல்ட்ல இருந்துதான். எஸ்எம்பிஎஸ்ல இருந்து வோல்ட்ட கொறைக்குற பக் கன்வெர்ட்டர் போட்டு நானோவுக்குக் குடுத்தீங்கன்னா கரண்ட் போற அந்த நேரத்துலயே நானோவும் செத்துரும்.

இப்படி ஹோல்ட் ஆன பிறகு ரெஸ்யூம் பண்ணாதீங்க. நிக்குற நேரத்துல எத்தனை ஸ்டெப் போச்சுன்னு யாருக்கும் தெரியாது. ரீசெட், ஹோமிங், ஜீரோ சரி பாத்துட்டு விட்ட எடத்துல இருந்து ஆரம்பிங்க. லிமிட் ஸ்விட்ச்சும் ஹோமிங்கும் இல்லாத மெஷின்ல இது ரொம்பக் கஷ்டம், அதுக்காகவே ஸ்விட்ச் போடுங்க.

ரவுட்டர் தானா திரும்பி ஓடுறதத் தடுக்க லைட் உதவாது, கான்டாக்டர் வேணும். கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பாத்திருப்பீங்க, கரண்ட் போய் வந்தா தானா ஓடாது, பச்சை பட்டன திரும்ப அமுக்கணும். அதே செட்டப்ப ரவுட்டருக்கும் எலக்ட்ரீஷியன வச்சுப் போட்டுக்கோங்க. 230 வோல்ட் வேலை தெரியாம யாரும் பெட்டிய தொறக்காதீங்க, ஈரத் தரைல நின்னுக்கிட்டு தொறக்கவே தொறக்காதீங்க.

ஸ்பிண்டிலுக்கு லைட் எங்க இருந்து எடுக்குறது?

ஸ்பிண்டில ஓடச் சொல்ற எம்3 சிக்னல்ல இருந்து எடுக்காதீங்க. ரிலே தாண்டி ரவுட்டருக்குப் போற ஒயர்ல எடுங்க, 230 வோல்ட் நியான் இண்டிகேட்டர். ரிலே ஒட்டிக்கிட்டு ஆஃப் ஆகாம நின்னாலும் அப்பதான் தெரியும். மெக்கானிக்கல் ரிலேக்குப் பதிலா சாலிட் ஸ்டேட் ரிலே போட்டிருந்தா, ஆஃப்ல இருக்கும்போதும் நியான் மங்கலா எரியும், பயப்படாதீங்க, உள்ள கொஞ்சம் கரண்ட் கசியும், அந்தக் கசிவே நியானுக்குப் போதும். ஆனா மங்கலா எரியறதா நல்லா எரியறதான்னு பகல் வெளிச்சத்துல குழப்பம் வரும், அதனால நான் மெக்கானிக்கல் ரிலேயோடயே நிறுத்திக்கிட்டேன்.

ரவுட்டருக்குப் பதிலா 775ன்னு சின்ன டிசி மோட்டார்னா அதோட ரெண்டு முனைலயே ஒரு 24 வோல்ட் இண்டிகேட்டர் போட்டா போதும். வேகம் கூடக் கூட லைட்டும் பிரகாசமாகும்.

என்கிட்ட இருக்கறது 3018ன்னு ரெடிமேடு சின்ன சிஎன்சி. அதுல முடியுமா?

முடியும். பல போர்டுல ஆஃப்லைன் கன்ட்ரோலர் மாட்டுறதுக்கு எட்டு பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும், டிஎக்ஸ், 5 வோல்ட், கிரவுண்டு மூணும் அதுலயே கிடைக்கும். எது எதுன்னு போர்டுல எழுதியிருக்கறத பாத்து, மல்டிமீட்டர்ல சரி பாத்துட்டு குடுங்க.

ஜிஆர்பிஎல்லுக்குப் பதிலா ஃப்ளூயிட்என்சி, லினக்ஸ்சிஎன்சி வச்சிருக்கவங்க?

உங்களுக்கு நானோவே வேண்டாம். ஃப்ளூயிட்என்சியோட கான்ஃபிக் ஃபைல்ல ஐடில், ரன், ஹோல்ட், அலாரத்துக்குத் தனித்தனியா பின் சொல்ற பகுதியே இருக்கு. லினக்ஸ்சிஎன்சில ஹால்யூஐ பக்கம் ப்ரோக்ராம் ஓடுதா, நின்னுருக்கா, சும்மா இருக்கான்னு சிக்னல் ரெடியா கிடைக்கும், பேரலல் போர்ட்ல காலியா இருக்குற பின்னுக்கு இழுத்துவிட்டா முடிஞ்சது. ஆனா 24 வோல்ட்ட அளக்குறது எல்லாருக்கும் பொது, அத விட்டுடாதீங்க.

கலர் மாத்துற ஆர்ஜிபி ஸ்ட்ரிப் ஒட்டலாமா? பாக்க நல்லா இருக்குமே.

நல்லாத்தான் இருக்கும், டேபிள் முழுக்க ஒரே கலர்ல ஒளிரும்போது ஷெட்டுக்கு வெளிய இருந்தே தெரியும். டபிள்யூஎஸ்2812 ஸ்ட்ரிப்ல ஒவ்வொரு எல்இடியும் முழு வெள்ளைல 60 மில்லிஆம்பியர் வரைக்கும் எடுக்கும், 30 எல்இடிக்கு 1.8 ஆம்பியர், யூஎஸ்பில இருந்து எடுக்கவே முடியாது, தனி 5 வோல்ட் சப்ளை வேணும்.

இன்னொரு சிக்கல் இருக்கு. ஸ்ட்ரிப்புக்கு டேட்டா அனுப்பும்போது நானோ இன்டரப்ட் எல்லாத்தையும் நிறுத்தி வைக்கும், ஒரு எல்இடிக்கு 30 மைக்ரோசெகண்ட். 115200ல ஒரு எழுத்து வர 87 மைக்ரோசெகண்ட்தான் ஆகும். 30 எல்இடிக்கு அனுப்பி முடிக்குறதுக்குள்ள பத்து எழுத்து வந்துருக்கும், சிப்பு ரெண்டு மூணு எழுத்துக்கு மேல பிடிச்சு வைக்காது, மிச்சம் தொலைஞ்சிரும். அந்தத் தொலைஞ்சதுல அலாரம் வரி இருந்துச்சுன்னா? அதனால நிலை மாறும்போது மட்டும் ஒரு தடவை ஸ்ட்ரிப்ப மாத்துங்க, அதுவும் ஒரு வரி முழுசா வந்து முடிஞ்ச பிறகு, சிமிட்டல் எல்லாம் சாதா லைட்டுக்கே விட்டுடுங்க. என் மெஷின்ல ஸ்ட்ரிப் இல்ல.

மஞ்சு உள்ள வந்து கனெக்ஷன் எல்லாம் பச்சை பூக்குது, என்ன பண்றது?

கோத்தகிரில சாயங்காலம் கதவ தொறந்து வச்சா மஞ்சு நேரா உள்ள வந்து உக்காந்துக்கும். அதுல சில்வர் ஓக் தூளும் சேந்தா பசை மாதிரி ஆகி லிமிட் ஸ்விட்ச்ல அப்பிக்கும். ஒயர் பெட்டிக்குள்ள போற ஓட்டைய எப்பவும் அடிப்பக்கமா வைங்க, கேபிள் க்ளாண்ட் போடுங்க, ஒயர் உள்ள போறதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏறணும், தண்ணி ஒயர் மேலயே வழிஞ்சு வந்தாலும் அந்தத் தொங்கல்ல சொட்டிரும். ஒயர் முனைய சும்மா முறுக்கி ஸ்க்ரூல வைக்காம ஃபெரூல்னு சின்ன உலோக உறை மாட்டி அடிங்க. நான் முதல்ல போட்ட மெல்லிசான ஜம்பர் ஒயர் எல்லாம் ஒரே மழைக்காலத்துல கறுத்துப்போச்சு, இப்ப எல்லாமே சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டது.

பெட்டிய காத்துப் போகாம முழுசா அடைச்சுட்டா போதும்னு நெனைக்காதீங்க, பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் உள்ளயே வேர்த்துரும். அடில சின்னதா ஒரு ஓட்டை, உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம், மாசம் ஒரு தடவை அத அடுப்பு பக்கத்துல காய வச்சு எடுத்துப் போடுங்க.

பஸ்ஸர் வேணுமா?

சிவப்புக்கு மட்டும் போடுங்க, 5 வோல்ட் பஸ்ஸர். வேலை முடிஞ்சா ரெண்டு சின்ன பீப் வச்சுக்கலாம், ஆனா ரன்ல இருந்து ஐடில் ஆன உடனே அடிக்க விடாதீங்க, ஜாப் நடுவுலயே கொஞ்ச நேரம் ஐடில்னு வந்து போகும். அஞ்சு செகண்ட் தொடர்ந்து ஐடில்ல இருந்தா அடிக்கட்டும்.

லைட் இருந்தா எமர்ஜென்சி ஸ்விட்ச் தேவையில்லதானே?

தேவை. காளான் மாதிரி இருக்குற அந்தச் சிவப்பு ஸ்விட்ச் எந்த ப்ரோக்ராமையும் நம்பாம மோட்டார் சப்ளையையும் ரவுட்டரையும் நேரா வெட்டணும். இத இன்னும் போடலன்னா லைட்டுக்கு வச்சிருக்குற காச முதல்ல அதுக்குச் செலவு பண்ணுங்க.

எல்லாம் மாட்டியாச்சு. சரியா வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்குறது?

பிட்ட கழட்டிட்டு, Zஅ மேல தூக்கி வச்சுட்டு, வெறுங்காத்துல ஒரு ஜாப் ஓட்டுங்க. ஓடும்போது ஹோல்ட் குடுங்க, மஞ்சள் சிமிட்டணும், ஆரஞ்சு எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். ஒரு லிமிட் ஸ்விட்ச்ச விரலால அமுக்குங்க, சிவப்பு வந்து ரீசெட் பண்ற வரைக்கும் போகக் கூடாது, ஒரு நிமிஷம் காத்திருந்து பாருங்க. எஸ்எம்பிஎஸ் ஸ்விட்ச்ச அணைங்க, லேப்டாப் அப்படியே இருக்கட்டும், சிவப்பும் ஹோல்டும் வரணும். யூஎஸ்பி ஒயர பிடுங்குங்க. அப்ப ஊனோவோட நானோவும் போயிரும், எல்லா ஸ்டேட்டஸ் லைட்டும் அணையும், அதுக்கு என்ன அர்த்தம்னு மேல சொல்லியிருக்கேன். நானோவ ஸ்டார்ட் பண்ணும்போது எல்லா லைட்டும் ரெண்டு செகண்ட் சேந்து எரியுற மாதிரி எழுதிடுங்க, எந்த எல்இடி போயிருக்குன்னு தினமும் காலைல தெரிஞ்சுரும்.

கடைசியா, மெஷினப் பத்தி எதுவும் தெரியாத ஒருத்தர கூப்பிட்டு நிக்க வைங்க. நான் எங்க அம்மாவ கூப்பிட்டேன். மஞ்சள் லைட்டுக்குக் கீழ "ஹோல்ட்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன், அத பாத்துட்டு "நின்னுருச்சு, பலகைய எடுக்கவா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே அந்த ஸ்டிக்கர கிழிச்சுட்டு "நகரல, ஆனா பிட் சுத்துது"ன்னு எழுதி ஒட்டுனேன்.